நாய்க்குச் சொன்ன காணி வழக்கு

எங்கள் நாய் வீட்டுக்கு வருபவர்களை வரவேற்பதற்கென்றே பிறந்தது. தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் நியூசிலாந்தில், ஒக்லண்ட் நகரத்து மவுண்ட் ரோஸ்கில்லில் ஒரு மரவீட்டில் வாடகைக்கு இருந்தோம். பென்ரோஸில் என் கணவரோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவர்தான் நாயைக் கொண்டுவந்து விட்டார். அவுஸ்திரேலியாவுக்குப் போவதாகவும், வீடு எடுத்தவுடன் நாயைக் கூப்பிட்டுக்கொள்வதாகவும் சொன்னார். கூப்பிடவில்லை. கறுப்பு நிறம், பெரிய தலை. பாதி லாப்ரடோர், மீதிப் பாதி என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. அவர் வைத்திருந்த பெயர் எங்கள் வாயில் நுழையாததால், ஒன்பது வயது மகள் தன் வகுப்பில் கேள்விப்பட்ட ஒரு பெயரை அதற்குச் சூட்டினாள். நல்ல கிறிஸ்தவப் பெயர். எங்கள் சபையிலேயே அந்தப் பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் இப்போதும் இருப்பதால் இங்கே அதை எழுதாமல் விடுகிறேன்.

ஒரு சனிக்கிழமை சபையைச் சேர்ந்த ஒருவர், தான் பிடித்த மீனில் கொஞ்சம் தருவதற்காக வந்தார். காரின் கதவு திறந்ததுதான் தாமதம், நாய் முன்வாசலின் மேற்படியிலிருந்து நேராகப் பாய்ந்தது. நடுவில் இருந்த படிகளை அது கணக்கில் எடுக்கவில்லை. கீழே விழுந்து ஒரு சத்தம் போட்டது. பிறகு எழுந்து, பின்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, மற்ற மூன்று கால்களாலும் அவரை வரவேற்றது.

முழங்காலுக்குள் தசைநார் அறுந்துவிட்டது என்றார் மிருக வைத்தியர். உயரமான, இளம் வயதுப் பெண். ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. கூட்டிவரப் போன அன்று எங்கள் இருவரையும் உட்காரவைத்து, இனிமேல்தான் கஷ்டமான பகுதி இருக்கிறது என்றார். இரண்டு மாதத்துக்கு ஓடக்கூடாது, பாயக்கூடாது, படி ஏறக்கூடாது, சோபாவில் ஏறக்கூடாது. ஒன்றுக்கு இரண்டுக்குப் போவதற்கு மட்டும் வாரில் பிடித்து வெளியே கொண்டுபோய் உடனே திரும்ப வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியம், அவன் பரபரப்படையக் கூடாது.

"எதைக் கண்டால் அவனுக்குப் பரபரப்பு?" என்று கேட்டார்.

"ஆட்களை" என்றேன்.

"எந்த மாதிரி ஆட்கள்?"

"எல்லா மாதிரி ஆட்களும்."

"அப்படியானால் கொஞ்ச நாளைக்கு வீட்டுக்கு யாரையும் வரச்சொல்லாதீர்கள்" என்றார்.

நானும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் வீட்டுக்கு யாரையும் நாங்கள் வரச்சொல்வதில்லை. அவர்கள் வருவார்கள். இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருவரும் தலையை ஆட்டிவிட்டு வந்தோம்.

காரில் வரும்போது, "இனி என்ன செய்யிறது?" என்று கேட்டேன்.

"ஒண்டும் செய்யாம இருக்கிறதுதான் மருந்தெண்டு சொன்னவவெல்லோ" என்றார் கணவர்.

ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு அந்த வாரம் முழுவதும் வேலை செய்தோம். சோபாவைத் தலைகீழாகக் கவிழ்த்துவைத்தோம். குசினித் தரை வழுக்கும் என்பதால் என்னுடைய பழைய சேலைகளையெல்லாம் விரித்தோம். நாயை ஹோலில் அடைத்துவைப்பதற்கு, பக்கத்துத் தெருவில் இருந்த சென்னைக்காரப் பெண்ணிடம் குழந்தைகளை விளையாடவிடும் மரக்கம்பித் தடுப்பை இரவல் வாங்கினோம்.

"எடுத்துக்கோங்க அக்கா, எங்க பையன் இப்ப இதை ஏறிக் குதிச்சுடறான்" என்றாள். பிறகு, "உங்க நாய் குதிக்காதா?" என்று கேட்டாள்.

"குதிக்கக்கூடாதெண்டு டொக்டர் சொல்லியிருக்கிறா" என்றேன்.

"ஆமா, எங்க பையன்கிட்டயும் சொல்லித்தான் பார்த்தேன்" என்றாள்.

தையலை நக்காமலிருக்க நாயின் கழுத்தில் அடியை வெட்டிய வாளிபோல ஒரு பிளாஸ்டிக் வளையம் மாட்டியிருந்தார்கள். அது திரும்பும் பக்கமெல்லாம் கம்பியில் இடித்து டக டகவென்று சத்தம் வரும். அமைதிப்படுத்த ஒரு குளிசையும் தந்திருந்தார்கள். அதைப் புட்டுக்குள் வைத்து உருட்டிக் கொடுத்தேன். புட்டு முழுவதும் போனது. குளிசை மட்டும் கழுவித் துடைத்ததுபோலத் தரையில் கிடந்தது.

அழைப்பு மணியைக் கணவர் கழற்றிவிட்டார். தட்ட வேண்டாம் என்று மகள் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டினாள். வந்த தமிழர்கள் எல்லோரும் அதை மிகவும் மதித்தார்கள். அது விற்பனைக்காரர்களுக்கு எழுதியது என்று நினைத்து, சுற்றிக்கொண்டு போய்ப் பின்ஜன்னலில் தட்டினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கணவருக்கு வேலை இருந்தது. நான் நாயோடு வீட்டில் நின்றுவிட்டேன். மகள் மட்டும் தோழி வீட்டுக் காரில் ஆராதனைக்குப் போனாள். ஞாயிறு பாடசாலையில், யாருக்காவது ஜெபிக்க வேண்டுமா என்று ஆசிரியை கேட்டபோது இவள் கையை உயர்த்தியிருக்கிறாள். எங்கள் வீட்டில் இருக்கிற இன்னாருக்குக் காலில் ஒப்பரேஷன், அவனுடைய ஆட்கள் அவனை விட்டுவிட்டு அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள், அம்மா அவனைக் கம்பிக்குள் அடைத்துவைத்திருக்கிறா, வெளியே விடுவதில்லை, யாராவது வந்தால் அழுகிறான் என்று ஆங்கிலத்தில் விளக்கமாகச் சொல்லியிருக்கிறாள். எல்லாம் உண்மை. கழுத்து வாளியைப் பற்றி மட்டும் சொல்ல மறந்துவிட்டாள். சொல்லியிருந்தால் யாருக்காவது விளங்கியிருக்கும்.

ஆசிரியை போதகரிடம் சொன்னார். போதகர் ஆராதனை முடிவில் பெயரைச் சொல்லி உருக்கமாக ஜெபித்தார்.

பின்னேரம் குசினி ஜன்னலில் தட்டும் சத்தம் கேட்டது. கணவர் அப்போதுதான் வேலையால் வந்து குளித்துக்கொண்டிருந்தார். பின்கதவைத் திறந்தேன். சபைச் செயலாளரும் அவருடைய மனைவியும் நின்றார்கள். அவர் கையில் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல், அவ கையில் ஒரு குலை முந்திரிகைப் பழமும் ஒரு ஆண்பிள்ளைக் குளிர்ச்சட்டையும். அவர்களுக்குப் பின்னால், கைத்தடியோடு, பக்கத்துத் த்ரீ கிங்ஸ் பகுதியில் மகன் வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவரும் நின்றார்.

"பெடியன் எங்க?" என்று செயலாளர் மெதுவான குரலில் கேட்டார்.

"எந்தப் பெடியன்?"

"மறைக்காதேங்கோ தங்கச்சி. விசா அலுவல் ஏதும் எண்டாலும் பயப்பிடவேண்டாம். நாங்கள் வெளியில கதைக்க மாட்டம்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருடைய மனைவி என் கையைப் பிடித்தா. "காலில ஒப்பரேஷன் செய்த பெடியன்" என்று சொல்லி நாயின் பெயரைச் சொன்னா. "ஊரில இருந்து காயத்தோட வந்தவனோ?"

"ஐயோ, அவனோ? அவன் ஹோலுக்குள்ள நிக்கிறான்" என்றேன்.

"எழும்பி நிக்கலாமோ?"

"நிக்கக்கூடாது. ஆனா ஆக்கள் வந்தா நிப்பான்."

"தங்கச்சி, நான் சொல்லுறனெண்டு குறை நினைக்காதேங்கோ" என்றா அவ. கண் கலங்கியிருந்தது. "என்ன குழப்படி செய்தாலும் பிள்ளையைக் கம்பிக்குள்ள அடைக்கிறது சரியில்லை."

"டொக்டர்தான் அடைக்கச் சொன்னவ" என்றேன்.

அவர்கள் அதற்கு மேல் காத்திருக்கவில்லை. என்னைத் தாண்டி ஹோலுக்குள் போனார்கள். நான் பின்னால் ஓடினேன். நாய் தடுப்பின் மேல் முன்னங்கால்களைப் போட்டு, வாளிக்குள்ளிருந்து நாக்கை நீட்டிக்கொண்டு, உடம்பு முழுவதையும் ஆட்டி அவர்களை வரவேற்றது. செயலாளர் ஹோர்லிக்ஸை நெஞ்சோடு பிடித்தபடி நின்றார். வாளி கம்பியில் இடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"இதுதான் நோயாளியோ?" என்று பெரியவர் கேட்டார்.

செயலாளரின் மனைவிதான் முதலில் சிரித்தா. இருந்து சிரிக்கலாம் என்று பார்த்தால் சோபா கவிழ்ந்து கிடந்தது, அதனால் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. செயலாளருக்குச் சிரிப்பு வரவில்லை. "ஆராதனையில பேர் சொல்லி ஜெபிச்சதெல்லோ" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கணவர் இடுப்பில் கட்டிய சாரத்தோடு வெளியே வந்து, நாயை அமத்திப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் தேநீர் குடிக்கச் சொன்னார். அவர்களுக்கு இன்னொரு வீட்டுக்குப் போகவிருந்தது.

"நீங்கள் போங்கோ" என்றார் பெரியவர். "நான் இருக்கிறன். மகன் வேலை முடிய வந்து ஏத்துவான்."

செயலாளரும் மனைவியும் உடனே சம்மதித்தார்கள். அதற்குக் காரணம் இருந்தது. பெரியவருக்கு ஊரில் ஒரு காணி வழக்கு இருந்தது. வேலியை அடைக்கும்போதெல்லாம் கிழக்குப் பக்கத்து வளவுக்காரர் கதியால் தடிகளை விரற்கடை விரற்கடையாக இந்தப் பக்கம் தள்ளி நட்டதில் தொடங்கி, பல வருடம் நடந்த வழக்கு. அதை அவர் ஒக்லண்டில் இருந்த அத்தனை தமிழர்களுக்கும் சொல்லத் தொடங்கியிருந்தார். ஒருவரும் முடிவு வரை இருந்ததில்லை. அவர் பஸ்ஸில் ஏறினால் தெரிந்தவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். கல்யாண வீடுகளில் அவருக்குப் பக்கத்துக் கதிரை கடைசி வரை காலியாக இருக்கும்.

கணவர் தலை துவட்டப் போகிறேன் என்று உள்ளே போய்விட்டார். அவருடைய தலையில் துவட்டுவதற்கு அவ்வளவு மயிர் இல்லை. நான் தேநீர் போட்டேன். பெரியவர் கதிரையைத் தடுப்புக்குக் கொஞ்சம் தள்ளி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாய் அவரைப் பார்த்துத் துள்ளிக்கொண்டிருந்தது. ஒப்பரேஷன் செய்த கால் நடுங்குவதை நான் பார்த்தேன்.

"எனக்கு நாய் பிடிக்காது" என்றார் அவர், நாயைப் பார்த்து. "பக்கத்து வளவுக்காரனும் ஒண்டு வளத்தவன். அவன்ர தாயின்ர பேரில இருந்த காணி உறுதியில பூர்வீக எல்லை எண்டு என்ன எழுதிக்கிடந்தது தெரியுமோ?"

நாய்க்குத் தெரியாது. அதற்கு அவர் சொல்லத் தொடங்கினார். ஏற்றம் இறக்கம் இல்லாத, இருமல் கூட இல்லாத, ஒரே நேரான குரல். வடக்கு எல்லை, தெற்கு எல்லை, பங்குக் கிணறு, கிணற்றுக்குப் போகும் வழி, வாய்க்கால், வாய்க்காலின் உரிமை. நான் தேநீரைக் கொண்டுவந்தபோது நாய் உட்கார்ந்திருந்தது. பலகாரம் எடுத்துக்கொண்டு வந்தபோது படுத்திருந்தது. வழக்கைத் தள்ளிவைக்கச் சட்டத்தரணி முதல் தவணை கேட்ட இடத்தில் வாளி தரையில் சரிந்து, குறட்டைச் சத்தம் வந்தது. ஒப்பரேஷனுக்குப் பிறகு அது அப்படித் தூங்கி நாங்கள் பார்த்ததில்லை. கணவர் கதவு இடுக்கால் எட்டிப்பார்த்து, நாய்க்கு என்ன நடந்தது என்று என்னிடம் கையால் கேட்டார். தூங்குகிறது என்று நான் கையால் பதில் சொன்னேன்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு மகள் வந்ததும் நாய் மறுபடி தடுப்பில் ஏறியது. ஒரு கம்பி விட்டுப்போனது. நான் யோசித்துப் பார்த்துவிட்டுப் பெரியவரின் வீட்டுக்கு டெலிபோன் எடுத்தேன். அவருடைய மருமகள் எடுத்தா.

"ஐயாவை எங்கட வீட்டுக்கு ஒருக்கா வரச்சொல்ல ஏலுமோ?" என்றேன்.

"மாமாவையோ?"

"ஓம்."

"என்ன அலுவல்?"

"சும்மா, கதைக்க."

அவ கதவைச் சாத்திவிட்டு வரும் சத்தம் கேட்டது.

"உண்மையாத்தான் கேக்கிறியளோ?" என்றா. "இப்பவே கொண்டுவந்து விடுறன்."

அன்றிலிருந்து அவர் பின்னேரங்களில் வரத் தொடங்கினார். மழை இல்லையென்றால் நடந்து வருவார், மழையென்றால் மருமகள் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, என் மனம் மாறுவதற்குள் போய்விடுவா. கதிரையில் இருந்து தடியைச் சாத்திவைத்து, "எங்க விட்டனான்?" என்று கேட்பார். நான் அல்லது மகள் சொல்ல வேண்டும். மகள் ஆங்கிலத்தில் சொல்வாள். "த செக்கண்ட் சேர்வேயர், தாத்தா." அவர் தமிழில் தொடருவார். நாய் அவர் சத்தம் கேட்டவுடன் தரையில் இடம் பார்க்கத் தொடங்கிவிடும்.

கணவருக்கு இது கொஞ்சம் ரோஷமாக இருந்தது. வாய் இருக்கிற எவரும் செய்யக்கூடிய வேலை என்றார். ஒரு நாள் காலையில் அவரே கதிரையைப் போட்டு அதே வழக்கைச் சொல்லிப் பார்த்தார். நாய் எழுந்து நின்று குரைத்தது. வீடு வாங்குவதற்காக வங்கியில் எடுத்துவந்திருந்த மோட்கேஜ் புத்தகத்தைச் சத்தமாக வாசித்தார். நாய் விழித்திருந்து கேட்டது, இவர் தூங்கிவிட்டார்.

"அந்த மனுசன்ர குரலில என்னவோ கிடக்கு" என்று ஒப்புக்கொண்டார்.

எதற்காகக் கூப்பிடுகிறோம் என்று பெரியவரிடம் நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? நாயைப் பார்க்க அவருக்கு விருப்பம் என்று நானே ஒரு கதையைக் கட்டி, அதை நானே நம்பவும் தொடங்கியிருந்தேன். மகள்தான் ஒரு நாள், அவர் தேநீரில் பிஸ்கற்றை நனைத்துக்கொண்டிருக்கும்போது, ஆங்கிலத்தில் சொன்னாள். உங்கள் கதை குளிசையைவிட நல்லது, நீங்கள் தொடங்கியவுடன் அவன் தூங்கிவிடுகிறான், அதனால்தான் அம்மா உங்களைக் கூப்பிடுகிறா.

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பெரியவர் நாயைப் பார்த்தார். அது நான்கு கால்களையும் நீட்டி, வாய் கொஞ்சம் திறந்து கிடந்தது. பிஸ்கற் தேநீருக்குள் விழுந்தது.

"ஐயா, குறை நினைக்காதேங்கோ" என்றேன்.

"முதல் நீதவானும் நித்திரைதான் கொண்டவர்" என்றார் அவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தாளிலும் பார்க்க இது மேல். இது தவணை போடுறேல்லை. எங்க விட்டனான்?"

வழக்கின் முடிவை அப்படித்தான் நாங்கள் கேட்டோம். அதற்குள் ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகிவிட்டது. கொழும்பில் மேன்முறையீட்டில் அவர் வென்றார். கிழக்கு எல்லையில் ஒன்றரை அடி அகலத் துண்டு அவருக்கே உரியது என்று தீர்ப்பு. ஆனால் அந்தச் செய்தி யாழ்ப்பாணம் வந்துசேர்ந்தபோது சனம் முழுவதும் போரால் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போயிருந்தது. பெரியவரின் குடும்பத்துக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் பாதி வகுப்பறை கிடைத்தது. மற்றப் பாதியில் முன்பே வந்து பாய் விரித்திருந்தவர் கிழக்கு வளவுக்காரர்.

"கொழும்பால வந்த ஒராள் அங்கதான் வந்து சொன்னவர், வழக்கு வெண்டிட்டுதெண்டு" என்றார் பெரியவர், அதே நேரான குரலில். "நான் அவனுக்குப் பக்கத்திலதான் இருக்கிறன். சொல்லாம இருக்க ஏலாதே. சொன்னன். 'நல்லது, சந்தோசம்' எண்டான். பிறகு, 'உம்மட பாயைக் கொஞ்சம் அங்கால இழும்' எண்டான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தினேன். அவர் முகத்தைப் பார்த்தபோது சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

"இழுத்தனீங்களோ?" என்று கேட்டேன்.

"இழுத்தன். அவன்ர மனிசிக்கு முழங்கால் வருத்தம், நீட்டிப் படுக்கவேணும்."

"பிறகு?"

"பிறகென்ன? அவவின்ர கையாலதான் ரெண்டு மாதம் தேத்தண்ணி குடிச்சனாங்கள். மகன் என்னை இஞ்ச கூப்பிட்டவன். அவங்கள் வன்னிக்குப் போட்டாங்கள் எண்டு கேள்வி." அவர் நாயைப் பார்த்தார். "காணியில இப்ப வேலியும் இல்லையாம், வீடும் இல்லையாம். எல்லை எண்டு ஒண்டு உறுதியிலதான் கிடக்கு."

நாய் தூங்கிக்கொண்டிருந்தது. மகள் தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். நான் அவருக்கு இன்னொரு தேநீர் போட எழும்பினேன். அடுத்த நாள் அவர் வந்து கதிரையில் இருந்ததும், "முதலில இருந்து தொடங்கட்டோ?" என்று என்னைக் கேட்டார். "தொடங்குங்கோ" என்றேன்.

இரண்டு மாதம் முடிந்து கூட்டிப்போனபோது, மிருக வைத்தியர் காலை மடக்கி நீட்டிப் பார்த்து, தசைநார் இவ்வளவு ஒழுங்காகப் பொருந்தியிருப்பதைத் தான் எதிர்பார்க்கவில்லை என்றார். இந்த வகை நாய்களை அமைதியாக வைத்திருப்பது யாராலும் முடியாத காரியமாம். என்ன செய்தீர்கள் என்று கேட்டார். கணவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு சொந்தக்காரர் வந்து கதைத்துக்கொண்டிருந்தார்" என்றார். வைத்தியர் அதை நல்ல யோசனை என்று பாராட்டினார். இனி வாரில் பிடித்து வெளியே நடத்தலாம், ஆனால் மிக மெதுவாக, அது இழுத்தாலும் நீங்கள் வேகம் கூட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

எங்கள் வீட்டில் மெதுவாக நடக்கத் தெரிந்தவர்கள் இல்லை. கணவர் தொழிற்சாலையில் நடக்கும் வேகத்தில்தான் தேவாலயத்திலும் நடப்பார். மகள் ஓடுவாள். அதனால் முதல் நாள் வார் பெரியவரின் கைக்குப் போனது. ஒரு கையில் தடி, ஒரு கையில் நாய். நாய் இரண்டு மாதத்துக்குப் பிறகு தெருவைக் கண்டும் அவருக்கு ஒரு அடி முன்னால் போகவில்லை. நான் பின்னால் குடையோடு போனேன்.

நாலு வீடு தள்ளி ஒரு வெள்ளைக்காரர் முன்வளவில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். இயந்திரத்தை நிறுத்தி, நல்ல நாய் என்றார். பெரியவர் நின்றார். நாயைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், அந்த வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் இருந்த பலகை வேலியைத் தடியால் காட்டி, இது உன்னுடையதா, அவனுடையதா என்று தன் ஆங்கிலத்தில் கேட்டார்.

அந்த மனிதர் தன் தொப்பியைக் கழற்றினார். அதை மட்டும் என்னிடம் கேட்காதே என்றார். பிறகு அவரே சொல்லத் தொடங்கினார். பழைய வேலி எங்கே இருந்தது, புது வேலியைப் போட்டபோது தான் ஊரில் இல்லாதது, பாதிச் செலவை மட்டும் தன்னிடம் கேட்டது. பெரியவர் தடியைத் தரையில் ஊன்றி, ஒரு சொல் விடாமல் கேட்டார். இடைக்கிடை, "யூ மஸ்ட் கெட் எ சேர்வேயர்" என்றார்.

நாய் நடைபாதையில் படுத்துக் கண்ணை மூடியது. எனக்கு அடுப்பில் சோறு வைத்துவிட்டு வந்த நினைவு வந்தது. குடையை வேலியில் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து, கஞ்சி வடித்து, கறியையும் இறக்கிவைத்துவிட்டுத் திரும்பிப் போனேன். இருவரும் வேலியோரமாகக் குதிகாலை விரலோடு முட்டவைத்து, காலடி காலடியாக அளந்துகொண்டிருந்தார்கள்.